ரத்தினத்துக்கு வந்த சோடா

போன மாதம் உங்களில் ஒருவர் என்னைத் தேடி வீட்டுக்கு வந்தார். பெயர் வேண்டாம். ஒரு கல்லூரியில் கால்பந்து கோச். சட்டைப் பையிலிருந்து ஒரு கவரை எடுத்து நீட்டினார். வேறு இடத்தில் வேலை, சம்பளம் அதிகம், வீடும் கொடுக்கிறார்கள். சீசன் நடுவிலேயே வந்து சேரச் சொல்கிறார்கள். "போலாமா சார்?" என்று கேட்டார். காபி கொடுத்து அனுப்பிவிட்டேன், பதில் சொல்லவில்லை. கிழவன் ஏதோ ஆழ்ந்த யோசனையில் இருக்கிறான் என்று நினைத்துக்கொண்டு போயிருப்பார். யோசனையும் இல்லை, மண்ணாங்கட்டியும் இல்லை. வெட்கமாக இருந்தது.

அவரிடம் சொல்லாததை, கோச்சாக இருக்கிற உங்கள் எல்லோருக்குமாக எழுதுகிறேன். ஃபுல் பேக்கை எங்கே நிறுத்துவது, கார்னரை எப்படி வாங்குவது என்பதெல்லாம் இதில் இருக்காது. அதற்குப் புத்தகம் இருக்கிறது, வாங்கிப் படித்துக்கொள்ளுங்கள். இது நான் ஒரு வேலையை விட்டு இன்னொரு வேலைக்குப் போன கதை. படித்துவிட்டு என்னை எப்படி வேண்டுமானாலும் நினைத்துக்கொள்ளுங்கள்.

சுதந்திரம் வந்து ஏழெட்டு வருஷம் ஆகியிருக்கும். பெங்களூர் கன்டோன்மென்ட் பக்கம் ஒரு கல்லூரியில் நான் கால்பந்து மாஸ்டர். அன்றைக்கு எங்களை யாரும் கோச் என்று சொல்வதில்லை, மாஸ்டர்தான். வேலை டெம்பரரி. ஆறு வருஷமாக டெம்பரரி. கல்லூரி திறந்திருக்கிற மாதங்களுக்குத்தான் சம்பளம். ஏப்ரல், மே வந்தால் எனக்கும் லீவு, என் வீட்டு அடுப்புக்கும் லீவு. அல்சூரில் ஒண்டுக்குடித்தனம், ஐந்து வீட்டுக்கு ஒரு குழாய், மூன்று குழந்தைகள். இதையெல்லாம் என் பக்கத்து நியாயமாகச் சொல்கிறேன். நியாயம் இருந்தது. இல்லையென்று நான் என்றைக்கும் சொல்லவில்லை.

அப்போதுதான் ஊரைச் சுற்றிப் பெரிய பெரிய தொழிற்சாலைகள் வந்துகொண்டிருந்தன. ஒவ்வொன்றுக்கும் ஒரு கால்பந்து டீம். நல்ல ஆட்டக்காரனாக இருந்தால் வேலை கொடுத்து எடுத்துக்கொள்வார்கள். அதற்கு ஒரு தொழிற்சாலையில் ஒரு வழக்கம் இருந்தது. அதன் வெல்ஃபேர் ஆபீசர் சனிக்கிழமை மேட்ச் பார்க்க வருவார். குடையை ஊன்றிக்கொண்டு கோல் போஸ்ட் பக்கம் நிற்பார், யாரோடும் பேசமாட்டார். ஆட்டம் முடிந்ததும் சோடாக்காரனைக் கூப்பிட்டு, தனக்குப் பிடித்த பையனைக் காட்டி ஒரு கோலி சோடா கொடுக்கச் சொல்வார். அவ்வளவுதான். சோடா யாருக்குப் போனதோ அவனுக்கு வேலை. வாங்கிக் குடித்துவிட்டால் சம்மதம், திங்கட்கிழமை தொழிற்சாலை கேட்டுக்குப் போய் நின்றால் போதும். வேண்டாம் என்றால் குடிக்காமல் பக்கத்தில் இருப்பவனுக்குக் கொடுத்துவிட வேண்டும். மூஞ்சிக்கு நேரே மாட்டேன் என்று சொல்கிற சங்கடம் இரண்டு பேருக்கும் இல்லை. வருஷத்துக்கு ஒரே ஒரு சோடாதான், ஏனென்றால் ஆட்டக்காரனுக்கென்று வருஷத்துக்கு ஒரே ஒரு வேலைதான். கோலி உள்ளே இறங்குகிற சத்தம் கேட்டதும் மைதானமே திரும்பிப் பார்க்கும்.

அந்த வருஷம் சோடா யாருக்கு என்பதில் ஒருத்தருக்கும் சந்தேகம் இல்லை. என் டீமில் ரத்தினம் என்று ஒரு பையன், இடது ஓரத்தில் ஆடுகிற லெஃப்ட் அவுட். மர்ஃபி டவுனிலிருந்து நடந்தே வருவான். கல்லூரியில் கால் வைத்த முதல் ஆள் அவன் குடும்பத்தில் அவன்தான். பூட்ஸ் கட்டாயம் ஆகியிருந்த புதிது. மற்ற பையன்கள் பூட்ஸ் போட்டதும் வாத்து மாதிரி நடந்தார்கள். இவன் ஒரே மாதத்தில் கல்லூரி பூட்ஸைத் தன் கால் ஆக்கிக்கொண்டான். அவனுக்கு ஃபீஸில் பாதிச் சலுகை வாங்கிக் கொடுத்திருந்தேன். காகிதம் கீகிதம் எதுவும் கிடையாது. ஒவ்வொரு டெர்ம் ஆரம்பத்திலும் நான் பிரின்சிபால் அறைக்குப் போய் அவன் பெயரைச் சொல்லுவேன், அவர் தலையை ஆட்டுவார், அதுதான் சலுகை.

ஆபீசர் இரண்டு சனிக்கிழமை தொடர்ந்து வந்து நின்றதும் நான் நாள் கணக்குப் பார்க்க ஆரம்பித்தேன். இன்டர் காலேஜ் கப்புக்கு இன்னும் இரண்டு மாதம். ரத்தினம் போனால் கப் போச்சு. ஆறு வருஷத்தில் ஒரு கப்பாவது கொண்டுவந்தால் வேலை பெர்மனன்ட் ஆகும் என்று எனக்கு ஒரு நப்பாசை. அடுத்த புதன்கிழமை அவன் வீட்டுக்குப் போனேன்.

அவன் அப்பா சின்னப்பா, ரிச்சர்ட்ஸ் டவுனில் ஒரு வெள்ளைக்காரர் பங்களாவில் பட்லராக இருந்தவர். துரை கப்பல் ஏறியதும் வேலை போய்விட்டது. அதன் பிறகு கல்யாணங்களுக்குப் பரிமாறப் போய்க் காலத்தை ஓட்டிக்கொண்டிருந்தார். அந்த ஒற்றை அறையில் எனக்கு டீ கொண்டுவந்தார் பாருங்கள், தட்டில் வெள்ளைத் துணி விரித்து, கோப்பையின் பிடி என் வலது கைப்பக்கம் இருக்கும்படி. எனக்கு அதற்கு முன்னும் பின்னும் யாரும் அப்படி டீ கொடுத்ததில்லை. மகன் அந்த வேலைக்குப் போயே தீரவேண்டும் என்பது அவர் கட்சி.

"தொரைங்க இருக்கசொல்ல எனக்கு இன்னா கொறச்சல் மாஸ்டர். அவங்க போனாங்க, என் தொழிலும் கூடவே பூட்ச்சு. இவனுக்கு அப்பிடி ஆவக் கூடாது. கம்பெனி வேலைன்னா ஆயுசுக்கும் நிக்கும்."

நான் விடவில்லை. டிகிரி முடித்தால் அதே கம்பெனியில் நாற்காலி போட்டு உட்கார வைப்பார்கள் என்றேன். இப்போது போனால் மெஷின் பக்கத்தில் நின்றே கிழவனாகிவிடுவான் என்றேன். சலுகை என் கையில் இருக்கிறது என்றேன். படிப்பைப் பற்றி அப்படி உருகி உருகிப் பேசினேன். பேசப் பேச எனக்கே நம்பிக்கை வந்துவிட்டது. கப் என்ற வார்த்தை மட்டும் என் வாயிலிருந்து வரவே இல்லை. கடைசியில் அவர் தயங்கிக்கொண்டே, நடுவில் ஏதாவது ஆகிவிட்டால் என்ன செய்வது என்று கேட்டார்.

"அவன் முடிக்கிற வரைக்கும் நான் இருக்கேன் இல்ல" என்றேன்.

"நீங்க இருக்கீங்கன்னா சரி மாஸ்டர்" என்றார்.

சனிக்கிழமை சோடா வந்தது. ரத்தினம் அதைக் கையில் வாங்கிக்கொண்டான். அவன் கழுத்தில் வியர்வை வழிந்துகொண்டிருந்தது, நாக்கு உலர்ந்திருக்கும். பாட்டிலை ஒரு தடவை பார்த்தான். பிறகு நேராக நான் நின்ற இடத்துக்கு நடந்து வந்து, "நீங்க குடிங்க சார்" என்று நீட்டினான். மைதானம் முழுக்கப் பார்த்துக்கொண்டிருந்தது. எனக்கு ஜெயித்துவிட்ட சந்தோஷம். வாங்கி ஒரே மூச்சில் குடித்தேன். ஆபீசர் குடையை மடக்கிக்கொண்டு, சிரித்துக்கொண்டே போனார்.

இரண்டு மாதம் கழித்து அந்த ஆபீசர் எனக்கு ஆள் அனுப்பினார். போனேன். "பன்னி மாஸ்டரே, கூத்துக்கொள்ளி" என்று கன்னடத்தில் வரவேற்று, உட்காரச் சொல்லி நாற்காலியைக் காட்டிவிட்டுத் தமிழுக்கு மாறினார்.

"அந்தப் பையன் வேண்டாம்னுட்டான். அந்த இடம் இன்னும் காலிதான். ஆட்டக்காரனுக்குப் பதிலா ஒரு மாஸ்டரை எடுத்துக்கறேன்னு மேல கேட்டேன், சரின்னுட்டாங்க. அன்னிக்கு அந்த சோடாவைக் குடிச்சது நீங்கதானே?"

சொல்லிவிட்டு அவர் சிரித்தார், நானும் சிரித்தேன். பெர்மனன்ட் வேலை, குவார்ட்டர்ஸ், பன்னிரண்டு மாதமும் சம்பளம். வருகிற திங்கட்கிழமை சேர வேண்டும். ஃபைனல் அதற்கு அடுத்த சனிக்கிழமை.

யாரோ என்னை ஏமாற்றி இதில் மாட்டிவிட்டார்கள் என்று நினைக்காதீர்கள். எல்லாம் வெட்ட வெளிச்சமாகச் சொல்லப்பட்டது. அது ரத்தினத்தின் இடம் என்பது எனக்குத் தெரியும். அவனை அதிலிருந்து நகர்த்தியவன் நான் என்பதும் தெரியும். அவன்தானே வேண்டாம் என்றான், அவன் வாயால்தானே, அவன் கையால்தானே என்று பஸ்ஸில் வரும் வழியெல்லாம் எனக்கு நானே வக்கீலாக வாதாடிக்கொண்டு வந்தேன். வீட்டில் சொன்னதும் என் மனைவி கேட்ட முதல் கேள்வி, "குழாய் வீட்டுக்குள்ளயே இருக்குமா?" இருக்கும் என்றேன். அவள் முகத்தைப் பார்த்த பிறகு வக்கீலுக்கும் வேலை இல்லாமல் போயிற்று.

உங்களை ஒன்று கேட்கிறேன். நான் போனது தப்பா? இத்தனை வருஷமாகக் கேட்டுப் பார்த்துவிட்டேன், தப்பு என்று என்னால் சொல்ல முடியவில்லை. ஆறு வருஷம் டெம்பரரியாக வைத்திருந்த கல்லூரிக்கு நான் எதுவும் பாக்கி வைக்கவில்லை. நினைத்தால் ஒரு கடுதாசி கொடுத்து மறுநாளே என்னை அனுப்பியிருப்பார்கள். ஆனால் நான் கல்லூரிக்கா வாக்குக் கொடுத்தேன்? கல்லூரி எனக்கு டீ கொடுக்கவில்லையே.

சரி, போகிறவன் ஒழுங்காகவாவது போயிருக்கலாம். வியாழக்கிழமை கடைசி பிராக்டிஸ். பையன்களிடம் சொல்லிவிடுவது என்று தீர்மானித்துத்தான் போனேன். முடிந்ததும் எல்லோரும் சுற்றி உட்கார்ந்தார்கள். ரத்தினம் இடது பக்கத்துக் கார்னர் சரியாக விழவில்லை என்று குறைப்பட்டுக்கொண்டான். "திங்கட்கிழமை அதைப் பாத்துக்கலாம்" என்றேன். திங்கட்கிழமை நான் எங்கே இருப்பேன் என்று தெரிந்துகொண்டே சொன்னேன். முகத்தைப் பார்த்துக்கொண்டு சொல்லத் தைரியம் இல்லை. கோழை என்று சொல்லுங்கள், ஒப்புக்கொள்கிறேன்.

வெள்ளிக்கிழமை பிரின்சிபாலிடம் கடிதம் கொடுத்தேன். அவர் கோபப்படவில்லை, கை கொடுத்தார். ஐந்து நிமிஷம் அவர் எதிரில் உட்கார்ந்திருந்தேன். ரத்தினத்தின் சலுகையை ஒரு காகிதத்தில் எழுதி வாங்க ஒரு நிமிஷம் போதும். மறந்துபோனேன் என்றுகூடச் சொல்ல முடியாது. அந்தப் பெயரைச் சொன்னால் நான் செய்கிற காரியம் என் காதிலேயே விழுந்துவிடும் என்று பயந்தேன்.

ஃபைனலில் தோற்றார்கள். பேப்பரில் பார்த்துத் தெரிந்துகொண்டேன். தொழிற்சாலையில் சேர்ந்து சில வாரம் கழித்து, பேச்சோடு பேச்சாக ஆபீசரிடம் அதைச் சொன்னேன். "அடடா, ஃபைனல் இருந்துச்சா? கேட்டிருந்தா ஒரு வாரம் குடுத்திருப்பேனே" என்றார். நான் கேட்கவே இல்லை. கேட்டால் எங்கே இடம் போய்விடுமோ என்ற பயம்.

எனக்குப் பிறகு வந்தவர் கிரிக்கெட்காரர். டெர்ம் ஆரம்பத்தில் பிரின்சிபால் அறைக்குப் போய் ரத்தினத்தின் பெயரைச் சொல்ல ஆள் இல்லை. முழு ஃபீஸ் கேட்டார்கள். பட்லரால் எப்படி முடியும்? இரண்டாம் வருஷத்தோடு படிப்பு நின்றது. சிவாஜிநகரில் ஒரு ஜவுளிக் கிடங்கில் துணிக் கட்டு சுமக்கிறான் என்று என் பழைய கோல்கீப்பர் வந்து சொன்னான். சிவாஜிநகர் எனக்கு எட்டாத இடமா? பஸ் மாறுவதே அங்கேதான். அந்தத் தெரு வந்தால் நான் வேறு பக்கம் சுற்றிக்கொண்டு போவேன். ஒரு நாள் அவனைப் பார்த்து, விடிகாலையில் ஒரு மணி நேரம் என்னோடு ஓடுடா என்று சொல்லியிருந்தால்கூட அடுத்த வருஷத்துக்கு அவன் தேறியிருப்பான். ஒரு வருஷம் முழுக்க நான் அதைச் செய்யவில்லை.

அடுத்த ஆகஸ்டில் மறுபடி ஒரு இடம் வந்தது. இந்தத் தடவை பையன்களை வரவழைத்து ஆட வைத்துப் பார்ப்பது என்று ஏற்பாடு. தேர்ந்தெடுக்க வேண்டியவன் நான். ரத்தினத்துக்குச் சொல்லி அனுப்பினேன். வந்தான். என்னைப் பார்த்ததும் பழையபடி "வணக்கம் சார்" என்றான். ஏன் சார் போனீங்க என்று அவன் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் எனக்கு எவ்வளவோ நிம்மதியாக இருந்திருக்கும். வேலிக்கு அந்தப் பக்கம் அவன் அப்பா நின்றிருந்தார். பங்களா நாளைய பித்தளைப் பொத்தான் வைத்த வெள்ளைக் கோட்டைத் துவைத்து, இஸ்திரி போட்டு மாட்டிக்கொண்டு வந்திருந்தார்.

ஆட்டம் தொடங்கிப் பத்து நிமிஷத்தில் தெரிந்துவிட்டது. ரத்தினத்துக்குக் கால் ஓடவில்லை. சுமை தூக்கித் தூக்கித் தோள் கனத்திருந்தது, மூச்சு பாதியில் நின்றது. காலில் யாரிடமோ இரவல் வாங்கிய பூட்ஸ், ஒரு சைஸ் பெரிசு. ஒரு தடவை கழற்றி, முன்பக்கம் திணித்திருந்த துணியைச் சரிசெய்துகொண்டு ஓடினான். எனக்கும் அவனுக்கும் ஒரே அளவு. என் பூட்ஸைக் கழற்றிக் கொடுத்திருக்கலாம். பக்கத்தில் ஆபீசர் நின்றார், என்ன நினைப்பாரோ என்று பேசாமல் இருந்துவிட்டேன். கோலார் பக்கத்திலிருந்து வந்த இன்னொரு பையன் பிரமாதமாக ஆடினான். அவனும் ஏழைதான், அவனுக்கும் வீடு இருக்கிறது, தம்பி தங்கைகள் இருக்கிறார்கள்.

"யாரு மாஸ்டரே?" என்று ஆபீசர் கேட்டார். நான் எந்தப் பெயரைச் சொன்னாலும் எழுதிக்கொண்டிருப்பார். ரத்தினம் என்று சொல்ல ஐந்து எழுத்து. அவனுக்கு நான் செய்த பாவத்தைக் கழுவ, கோலார் பையன் வாயில் மண்ணைப் போடுவதா என்று நினைத்தேன். கோலார் பையன் பெயரைச் சொன்னேன். யோசித்துப் பாருங்கள், ஒரு வருஷமாக யோக்கியமாக எதையும் செய்யாதவன், அந்த ஒரு நிமிஷத்தில் யோக்கியனாகிவிட்டேன். அது சரியான முடிவுதான். இன்று கேட்டாலும் அதே பெயரைத்தான் சொல்வேன். சொல்லிவிட்டு இன்றும் தூங்க மாட்டேன்.

ஆபீசர் குனிந்து பெயரை எழுதிக்கொண்டிருந்தார். பையன்கள் வெளியே வந்தார்கள். ரத்தினம் பூட்ஸைக் கழற்றிப் பக்கத்தில் வைத்துவிட்டு, தரையில் தலையைக் குனிந்து உட்கார்ந்தான். உதடு வெடித்திருந்தது. குதிகால் தோல் உரிந்து ரத்தம். எனக்குப் பார்க்கப் பொறுக்கவில்லை. சோடாக்காரன் பக்கத்தில்தான் நின்றான். "அந்தப் பையனுக்கு ஒண்ணு குடுப்பா" என்று கை காட்டினேன்.

சத்தியமாகச் சொல்கிறேன், எனக்கு வேறு எண்ணமே இல்லை. அவன் தாகம் மட்டும்தான் என் கண்ணில் இருந்தது. கோலி இறங்குகிற சத்தம் கேட்ட பிறகுதான் எனக்கு உறைத்தது.

எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். ஒரு பையன் ரத்தினத்தின் முதுகில் தட்டினான். அவன் நிமிர்ந்து பாட்டிலைப் பார்த்தான், பிறகு என்னைப் பார்த்தான். அந்த முகத்தில் வந்த வெளிச்சத்தை நான் என்ன சொல்வேன். இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, ஒரு சொட்டு மிச்சம் வைக்காமல் குடித்தான். வேலியைத் தாண்டி அவன் அப்பா ஓட்டமும் நடையுமாக வந்துகொண்டிருந்தார். வந்தவர் என் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

"நீங்க இருக்கீங்கன்னு அன்னிக்கே சொன்னீங்க மாஸ்டர். நான்தான் நடுவுல தப்பா நெனச்சிட்டேன். மன்னிச்சிக்கணும்."

அவர் அதைச் சொல்லி முடிப்பதற்குள் இன்னொரு கோலி இறங்கியது. ஆபீசர் எழுதி முடித்து, வழக்கம்போல, கோலார் பையனுக்கு சோடா கொடுக்கச் சொல்லியிருந்தார்.

பெரியவர் அந்தப் பாட்டிலைப் பார்த்தார், மகன் கையில் இருந்த காலி பாட்டிலைப் பார்த்தார். அவருக்குப் புரியவில்லை. "ரெண்டு பேருக்கா மாஸ்டர்?" என்று கேட்டார். என் கை இன்னும் அவர் கைக்குள்தான் இருந்தது. ஒரே ஒரு வார்த்தை சொல்ல வேண்டியது என் பொறுப்பு, அதைக்கூட நான் செய்யவில்லை. ரத்தினம்தான் செய்தான். அவனுக்கு எல்லாம் புரிந்துவிட்டது. எழுந்து வந்து, என் கையிலிருந்து அப்பாவின் கையை மெதுவாக விடுவித்தான்.

"தாகத்துக்குக் குடுத்தாருப்பா. வா, போலாம்."

பெரியவர் என்னைப் பார்த்தார். கோட்டின் மேல் பொத்தான் கழன்றிருந்தது, அதைப் போட்டுக்கொண்டார். "ஆமா, வெயிலு ஜாஸ்தி" என்றார். மகனிடமிருந்து காலி பாட்டிலை வாங்கி, பிடி என் பக்கம் வருகிற மாதிரி திருப்பி, இரண்டு கையாலும் என்னிடம் கொடுத்தார். பாட்டிலுக்கு ஏது பிடி. கை பழக்கத்தில் செய்துவிட்டார்.

பிறகு இரண்டு பேரும் வேலியோரமாக நடந்து போனார்கள். இரவல் பூட்ஸை ரத்தினம் கையில் தூக்கிக்கொண்டு வெறுங்காலோடு போனான். கூப்பிட்டால் கேட்கிற தூரத்தில்தான் வெகு நேரம் போய்க்கொண்டிருந்தார்கள். நான் கூப்பிடவில்லை.